கடைகள் இரண்டு மாதம் பூட்டிக்கிடக்கவில்லை

"2020இல் கொரோனா பயத்தில் மொரீசியஸ் அரசு எல்லாக் கடைகளையும் இரண்டு மாதம் பூட்டி, ஜனங்களைப் பட்டினி போட்டது" என்று மேலே அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது ஊரடங்கு. சூப்பர்மார்க்கெட்டுகள் அடியோடு மூடியிருந்தது மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் 1 வரைதான்.

ஏப்ரல் 2இல் திறந்தபோது குடும்பப் பெயரின் ஆங்கில முதலெழுத்துப்படி முறை வைத்தார்கள். ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன்; ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி; மற்றவர்களுக்குப் புதன், சனி. அதாவது மூர்கன் வீட்டுக்குச் செவ்வாய் என்றால் பிள்ளை, வீராசாமி வீடுகளுக்குப் புதன். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். முகக்கவசம் கட்டாயம். அரிசி, மாவு, பால்மா, எண்ணெய் எல்லாம் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு.

சரி, அந்தச் சில நாள் மூடல் கொடுமைதான், அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் என்ன சாமான் சேர்த்து வைத்திருக்க முடியும்? அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் "இரண்டு மாதம்" என்பதைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள். அடுத்த முறை ஏதாவது நோய் வந்தால், இதைப் படித்தவர்கள்தான் முதல் நாளே கடையில் முண்டியடிப்பார்கள்.