காய்ந்த இறைச்சி கெடவே கெடாதா?

“ஜெர்க்கி போன்ற உலர் இறைச்சியில் தண்ணீரே கிடையாது, பாக்கெட்டைப் பிரித்த பிறகும் வருஷக்கணக்கில் வெளியே வைக்கலாம்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தண்ணீர் குறைகிறதே தவிர, முழுதாகப் போவதில்லை. கிருமிகள் பயன்படுத்தக்கூடிய ஈரத்தை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0.85-க்குக் கீழே போனால் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெருகாது. ஆனால் பூஞ்சை அதற்கும் கீழே வளரும். திறந்த பாக்கெட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டால் அந்த அளவும் மெல்ல ஏறிவிடும்.

உள்ளே கிடக்கும் குட்டிப் பையை நம்பி இருப்பவர்களும் உண்டு. ஆக்சிஜனை உறிஞ்சும் பையில் இருப்பது பெரும்பாலும் இரும்புத்தூள்; பிரித்ததும் அதன் வேலை சீக்கிரமே முடிந்துவிடும். அப்புறம் அது வெறும் பை. கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவதும் இதன் பிறகுதான்.

கடையில் வாங்கியது பிரிக்காமல் இருந்தால் சுமார் 12 மாதம் தாங்கும் என்கிறது அமெரிக்க வேளாண்துறை. வீட்டில் செய்தது? 1 முதல் 2 மாதம்தான். அதுவும் உலர்த்தும் முன் இறைச்சியை 71 டிகிரி செல்சியஸுக்கும், கோழியை 74-க்கும் சூடாக்கச் சொல்கிறது. காரணம், சால்மோனெல்லா போன்ற நோய் தரும் பாக்டீரியாக்கள் வெறும் உலர்த்தலைத் தாக்குப்பிடித்துவிடும்.

பிரித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடாமல், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.