தாலி கட்டினால் குடியுரிமை வந்துவிடாது

சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மலேசியரைக் கோயிலில் மணந்தால் போதும், வெளிநாட்டுத் துணைக்கு இரண்டே ஆண்டில் குடியுரிமை, அதுவரை தாராளமாக வேலை செய்யலாம்." முழுத் தவறு.

இரண்டு ஆண்டு எங்கிருந்து வந்தது? கூட்டரசு அரசியலமைப்பின் 15ஆவது பிரிவிலிருந்து. மலேசியரின் மனைவி இங்கே தொடர்ந்து இரண்டு ஆண்டு வாழ்ந்தபின் விண்ணப்பிக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. தானாக எதுவும் கிடைக்காது. மனைவி மலேசியர், கணவன் வெளிநாட்டவர் என்றால் இந்த வழியே இல்லை. எத்தனை பெண் பிள்ளைகள் இதை அறியாமல் நம்பிக்கையோடு காத்திருக்கிறார்கள்!

கோயில் சடங்கும் போதாது. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி பதிவு வேண்டும். தமிழ்நாட்டிலேயே திருமணம் முடிந்திருந்தால், நாடு திரும்பிய ஆறு மாதத்திற்குள் இங்கே பதிய வேண்டும். எங்கள் வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி, மஞ்சள் காயாத தாலியும் கல்யாண ஆல்பமுமாக வந்து, "இது சான்றாகாதா?" என்று என்னிடம் கேட்டாள். மனம் கனத்துப்போனது.

2023 டிசம்பர் முதல் இந்தியருக்குத் தரப்படும் 30 நாள் விசா விலக்கு, பார்த்துவிட்டுப் போகத்தான். அதை வைத்து வேலையில் சேர்ந்தால் குடிநுழைவுச் சட்டம் பாயும். சேர்ந்து வாழ நீண்டகாலச் சமூக வருகை அனுமதி வேண்டும். வேலை செய்ய, குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் அதன்மேல் தனியாகப் பெற வேண்டும். மணச்சான்றிதழோடு கணவனும் மனைவியும் நேரில் போங்கள். தரகரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.