விண்டோஸ் போட்டால்தான் லினக்ஸ் போடலாமாம்!

புதுக் கணினியில் லினக்ஸ் போட வேண்டுமென்றால் முதலில் அதைக் கம்பஸ் நெட்வேர்க்கில் பதிய வேண்டும். பதிவதற்குப் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். பிரவுசர் வருவதற்கு லினக்ஸ் போட்டு முடிந்திருக்க வேண்டும். பைத்தியம் தீர்ந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும் என்ற கதை. யாழ்ப்பாணத்தில் கணினி படிக்க வருகிற பிள்ளைகளை வருடா வருடம் இதற்குள் மாட்டிவிடுகிறார்கள்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் சின்ன நெட்இன்ஸ்ட் இமேஜை, அதாவது மிச்சப் பொதிகளை இணையத்தில் இறக்கிக்கொள்ளும் நிறுவல் ஃபைலை, பென் டிரைவில் போட்டு, கேபிளைச் செருகித் தொடங்குகிறோம். ஐபி முகவரி கிடைத்துவிடும், எல்லாம் ஒழுங்காகப் போகும். பொதிகளை இறக்கும் இடம் வந்ததும் மிரர் (பொதிகளின் பிரதி இருக்கும் சேர்வர்) சரியில்லை என்று நின்றுவிடும். மிரரில் ஒரு குறையும் இல்லை. பதியாத கணினி எதைக் கேட்டாலும் நெட்வேர்க் தன் பதிவுப் பக்கத்தைத்தான் நீட்டுகிறது. மிரரில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ரிலீஸ் ஃபைலைக் கேட்ட இன்ஸ்டோலரின் கையில் ஒரு எச்டிஎம்எல் பக்கம்! அதைக் காட்டப் பிரவுசர் இல்லாததால் விஷயம் திரைக்கு வருவதே இல்லை. முதலாம் வருடப் பிள்ளை தன்னில்தான் பிழை என்று நினைத்து, நாடு நாடாக மிரரை மாற்றிக்கொண்டு இருக்கும்.

சரி, ஆல்ட்டும் எஃப்2-உம் அடித்துக் கட்டளை அடிக்கும் கன்சோலுக்குப் போய், மாக் முகவரியின் (நெட்வேர்க் கார்டின் அடையாள இலக்கம்) 12 எழுத்தையும் கொப்பியில் எழுதி அலுவலகத்துக்குக் கொண்டுபோனால்? லினக்ஸ் காட்டுகிறபடி முக்காற்புள்ளி வைத்து அடித்தால் படிவம் ஏற்காது, விண்டோஸ் காட்டுகிற மாதிரி இடையில் கோடு வேண்டும். அதற்கு மேல் ஒரு அறிவுரை: "தம்பி, முதல்ல விண்டோஸைப் போட்டு ரெஜிஸ்டர் பண்ணுங்கோ, பிறகு லினக்ஸைப் போடுங்கோ." கேட்கவே வயிறு எரிகிறது. நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று குறிகட்டுவானில் கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டும், அதனிடம் சொல்கிற பதிலா இது? கடைசியில் போன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, சொந்த ரீலோட் காசில்தான் இறக்குகிறார்கள்.

லான் துளை இல்லாத லப்டொப்புகளின் பாடு இன்னும் மோசம். யூஎஸ்பி அடப்டரைச் செருகினால் பதியப்படுவது அடப்டரின் மாக் முகவரி. அதையே அடுத்த பிள்ளை வாங்கிச் செருகினால் முதல் பிள்ளையின் பெயரில் நெட்வேர்க்குக்குள் நுழைகிறது. யார் என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமாம், அதற்குத்தான் பதிவாம்! லினக்ஸில் ஒற்றைக் கட்டளையில் மாற்றிவிடக்கூடிய இலக்கத்தை வைத்து யாரைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை (கார்டை இயக்கும் சின்ன மென்பொருள்) தனியாகத் தேடி அலைந்த காலம் ஒன்று இருந்தது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதையும் இன்ஸ்டோலருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எங்கோ இருக்கிற தன்னார்வலர்கள் தங்கள் பக்கத் தடையை நீக்கிவிட்டார்கள். எங்கள் வாசலில் நாங்களே போட்ட தடை மட்டும் அப்படியே கிடக்கிறது.

பெரிய வேலை ஒன்றும் கேட்கவில்லை. பதியாத கணினிக்கும் டெபியன், உபுண்டு மிரர்களை மட்டும் திறந்துவிடுங்கள், மற்ற எல்லாவற்றையும் பூட்டியே வைத்திருங்கள். முக்காற்புள்ளியையும் படிவம் ஏற்கட்டும். ஆய்வுகூடத்துக்கு வாங்கும் கணினிகளின் மாக் பட்டியலை விற்பவரிடமே கேட்டு வாங்கி, பெட்டி பிரிக்க முதலே பதிந்துவிடுங்கள். அடுத்த பிரிவு பிள்ளைகள் உள்ளே வர முதல் இதைச் செய்யுங்கள்.