அடங்காத பிள்ளையின் இரத்தத்தை யார் பார்ப்பது?

வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு இலங்கை மலையகத்தில் பட்டப்பெயருக்குப் பஞ்சமில்லை. வாலு, குரங்கு, அடங்காப்பிடாரி. வைத்தியமும் தயாராக இருக்கிறது: பிரம்பு, கடைசி வாங்கு, அதற்கும் மசியாவிட்டால் கோயிலில் ஒரு மந்திரிப்புக் கயிறு. தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுகிறாள், வளர்ப்புச் சரியில்லை என்று ஆசிரியர் அறையில் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். நானும் ஆசிரியன்தான். இந்தத் தீர்ப்பைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அந்தப் பிள்ளைக்குக் கவனம் நிலைக்காமல் செய்யும் கவனக்குறைபாடு மிகை இயக்கக் கோளாறு, அதாவது ஏ.டி.எச்.டி., இருக்கலாம். அது பெரும்பாலும் பரம்பரை வழியாக வருவது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நான் இங்கே ஈயம் (lead) என்ற நச்சு உலோகத்தைப் பற்றிப் பேசுவதைப் பார்த்து, "எல்லாம் ஈயத்தால்தான்" என்று நாளைக்கே யாராவது பகிர்ந்துவிடுவார்கள். ஆனால் ஈயத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1979இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அருகே, ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் கூடக்கூட, "கவனம் சிதறுகிறது", "சொன்னதை முடிப்பதில்லை" என்று ஆசிரியர்கள் குறித்திருந்த பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். வெளியே பார்த்தால் அந்தப் பிள்ளைகளிடம் நஞ்சேறியதற்கான அடையாளமே இல்லை. நுவரெலியாத் தோட்டங்களில் கொட்டும் உரத்திலுள்ள காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தைப் பற்றியும் கேட்பீர்கள். சிறுநீரகத்துக்கு அது கேடு, ஏ.டி.எச்.டி. என்று வரும்போது சான்று ஈயத்தின் அளவுக்கு வலுவானதல்ல.

நமக்கு முக்கியமானது வேறொரு விடயம். குடல் இரும்பை உள்ளே எடுக்கும் அதே வழியில்தான் ஈயமும் நுழைகிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் அந்த வழியை இன்னும் அகலத் திறந்துவிடும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கை எடுத்தால், சிறுபிள்ளை உடல் பாதி வரை எடுத்துக்கொள்ளும். இப்போது தோட்டத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இரத்தச்சோகை நமக்குப் புதிய செய்தியா? காலையில் கோதுமை ரொட்டி, கூடவே சாயத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்பை உடலில் முழுதாகச் சேரவிடாது. உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த சன்மானம் இது! ஆக, ஈயம் கலந்த ஒரே தூசியை விழுங்கினாலும் கொழும்பில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளையைவிட லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் வளரும் பிள்ளைக்கே கேடு அதிகம்.

தூசி எங்கிருந்து வருகிறது? பெற்றோலில் ஈயம் கலப்பது இலங்கையில் 2002இல் நின்றது. வர்ணப்பூச்சுக்கு 2013 முதல் சட்ட வரம்பு இருக்கிறது. அதற்கு முன் அடித்த வர்ணம் பழைய கதவிலும் சன்னலிலும் உரிந்துகொண்டிருந்தால், எந்தச் சட்டம் போய்ச் சுரண்டும்? மின்சாரம் வராத காலத்தில் லொறி பற்றரியை வைத்து லயத்தில் டிவி பார்த்தவர்கள் நாம். அந்தப் பற்றரிகளின் உள்ளே பெரும்பகுதி ஈயம். தேய்ந்த பிறகு அவற்றைப் பிளந்த இடத்தில் இன்று கீரைப் பாத்தி இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "நச்சு நீக்கும்" மருந்து தேடி ஓடாதீர்கள். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இரத்தத்தில் மிதமான அளவு ஈயம் இருந்த 780 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவாற்றலிலோ நடத்தையிலோ முன்னேற்றம் இல்லை. அந்த அளவில் ஏறிய பிறகு இறக்குவதில் பயன் குறைவு, ஏறாமல் தடுக்கத்தான் வேண்டும். சாப்பாட்டுக்கும் சாயத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையோடு தேசிக்காய் பிழியுங்கள், இரும்பு உடலில் சேர அது உதவும். உரிந்த வர்ணத்தைக் காய்ந்தபடி சுரண்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மிச்சம் அரசாங்கத்தின் வேலை. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் மூன்று நிமிடத்தில் ஈயத்தைக் காட்டும் சிறு கருவி உலகில் இருக்கிறது. இரத்தச்சோகை பார்க்க விரலைக் குத்தும்போது அதையும் சேர்த்துப் பார்க்கலாம். முதலில் பிள்ளைக் காம்பராக்களில், அதாவது தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் தொடங்குங்கள். தேர்தல் மேடையில் வீடும் முகவரியும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். இதையும் அந்தப் பட்டியலில் எழுதுங்கள்.