‘எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்டதற்கு நன்றி

பழந்தமிழ்க் கல்வெட்டுகளின் எழுத்தான தமிழ்ப் பிராமி பற்றி நூல் எழுதிய ஆய்வாளரை நீங்கள் எடுத்த பேட்டியை இரண்டு முறை படித்தேன். ‘இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று விடாமல் கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக நூலாசிரியர் பேட்டி என்றாலே பிறந்த ஊர், விருது, அடுத்த புத்தகம் என்று போய்விடும். ஆய்வு நடந்த விதம் வெளியே வராது.

இந்தத் துறையில் அந்த விதம்தான் கதையே. மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் இருப்பது பிராமி எழுத்து என்று தெரிந்த பிறகும், மொழி எது என்று பிடிபடவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் அது தமிழ் என்று காட்டினார். ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கான தனி வடிவங்கள் அதற்கு ஒரு முக்கியமான துப்பு. அப்புறம் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். வேலைக்கு நடுவே குன்று குன்றாக ஏறிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, பெருநூலாக 2003-இல் வெளியிட அவருக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. கரூர் அருகே உள்ள புகளூர்க் கல்வெட்டின் சேர மன்னர்களை, சேரரைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தோடு அவர் பொருத்திக் காட்டியதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரே ஒரு குறை. பழனி அருகே பொருந்தல் அகழாய்வில், தமிழ்ப் பிராமி பொறித்த பொருள் இருந்த அதே ஈமக்குழியில் கிடைத்த நெல்மணிகளின் காலக்கணிப்புக்குப் பிறகு, தமிழ்ப் பிராமி எப்போது தொடங்கியது என்ற விவாதம் சூடாகிவிட்டது. அசோகருக்கு முந்தியதா, பிந்தியதா? அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அடுத்த பகுதி உண்டென்றால் இதையும் அந்த ஆய்வாளரிடம் கேளுங்கள். மாற்றுக் கருத்துள்ள ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் இன்னும் நல்லது.