கோயில்காட்டுக்குக் கான்கிரீட் போடாதீர்கள்

திருவிழா நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் நன்கொடைப் படம் வந்துவிடுகிறது. அய்யனார் கோயில் திருப்பணி, தரைத்தளம், முன்மண்டபம், சுற்றுச்சுவர். கொடுப்பவர்கள் பக்தியோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம்தான் இன்று பல கோயில்காடுகளை, அதாவது ஊர்ச்சாமிக்கென்று விட்டுவைத்த காடுகளை, அழித்துக்கொண்டிருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

பழைய கோயில்காட்டில் சாமி எங்கே என்று கேட்டால் ஒரு மரத்தடியைக் காட்டுவார்கள். அல்லது ஒரு புற்று, நட்டுவைத்த ஒரு கல், துருப்பிடித்த ஒரு வேல். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்து அய்யனாருக்குப் பெயரே பெருங்காரையடி மீண்ட அய்யனார். காரை என்பது முள் செடி. சாமியின் பெயருக்குள்ளேயே அது நிற்கிறது. மன்றத்து மராமரத்தில் குடியிருக்கும் தெய்வம் கொடியவரை வருத்தும் என்ற நம்பிக்கை சங்கப் பாட்டிலேயே உண்டு. அதாவது மரம் சாமிக்குச் சொந்தமான பொருள் இல்லை, சாமியின் உடம்பு. அதனால்தான் "ஒரு சுள்ளிகூட எடுக்கக் கூடாது" என்ற கட்டுப்பாடு இத்தனை தலைமுறை நின்றது. சாமியைத் தூக்கிக் கான்கிரீட் கருவறைக்குள் வைத்த மறுநாளே காடு "கோயிலைச் சுற்றியுள்ள இடம்" ஆகிவிடுகிறது. இடம் என்றால் வண்டி நிறுத்தலாம், சமையல்கூடம் கட்டலாம், கிளையை வெட்டலாம். யாருக்கும் கை நடுங்காது.

இதற்குப் பதிலாக, "முன்னோர்கள் நிலத்தடி நீருக்காகத்தான் சாமி பெயரைச் சொல்லிக் காத்தார்கள்" என்று விளக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. நீருக்காகத்தான் என்றால், உறைகிணறு இறக்கிவிட்டு மரத்தை வெட்டிக்கொள்ளலாமே என்று நாளைக்கு ஒருவர் வருவார். அவரிடம் சொல்ல பதில் இருக்காது. நம்பிக்கையை நம்பிக்கையாகவே விடுங்கள். அதன் பலம் அதில்தான் இருக்கிறது.

திருப்பணி என்ற பெயரில் நடக்கும் முதல் தவறு, புதரைச் சுத்தம் செய்வது. விழுப்புரம் மாவட்டம் புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் காடு போன்றவை சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டு வகை. அந்த வகைக் காடு இன்று பெரும்பாலும் கோயில்களைச் சுற்றித்தான் மிச்சம் இருக்கிறது. அதன் வீரை, உலக்கைப்பாலை, காசான் மரங்கள் எல்லாம் மிக மெதுவாக வளர்பவை. முளைத்த கன்று பல வருடம் முழங்கால் உயரத்திலேயே, காரைக்கும் ஆதொண்டைக் கொடிக்கும் நடுவில் நிழலில் காத்திருக்கும். ஜேசிபி வைத்து ஒரு நாளில் "முள்ளைக் கழித்தால்" அடுத்த தலைமுறை மரம் மொத்தமும் போய்விடும். பெரிய மரங்கள் நிற்பதால் காடு பத்திரமாக இருப்பதுபோலத் தோன்றும். ஓரத்துப் புதரும் கொடியும் போனதால் வெப்பக்காற்று உள்ளே நுழையும், சருகு காயும், பொங்கல் அடுப்பிலிருந்து ஒரு பொறி விழுந்தாலே பற்றிக்கொள்ளும். சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் இதே கேடுதான். வழிபடும் தடம் 4 அடி, பொங்கல் வைக்க காட்டுக்கு வெளியே ஒரு வெட்டவெளி. இதற்குமேல் ஒரு கிளையையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது மரத்தைச் சுற்றி மேடை. அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் பட்டைக்குக் காற்று வேண்டும். மண்ணை நிரப்பி 2 அடிக்குச் சிமெண்ட் பூசினால் பட்டை எப்போதும் ஈரத்தில் ஊறி அழுகும், கரையான் ஏறும். சில வருடம் கழித்து ஒரு புயல் காற்றில் சரியாக மேடை விளிம்பில் முறிந்து விழும். ஆலும் அரசும் விழுது, வேர் விட்டு ஓரளவு தாங்கும். வீரை தாங்காது. ஏற்கெனவே மேடை இருந்தால் அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து, நிரப்பிய மண்ணைக் கையால் எடுங்கள். கடப்பாரை வேண்டாம், வேர்ப்பட்டை கிழியும்.

அய்யனாருக்கு நேர்ந்து வைக்கும் மண்குதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரார் பிடிமண், அதாவது ஊர் மண்ணில் ஒரு பிடி, எடுத்துக் கொடுத்தால்தான் குதிரை செய்யும் குயவரான வேளார் வேலையைத் தொடங்குவார். அந்த ஊர் மண் களிமண்ணோடு சேரும். மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். உமி மண்ணை இளக்கி ஈரம் வெளியேற வழிவிடும், சூளையில் எரிந்து நுண்துளையாகும். நான்கு கால்களும் உள்ளே கூடான உருளைகள். கால் பாதி இறுகிய பதத்தில்தான் வயிற்றை ஏற்ற வேண்டும். ஈரமாக இருந்தால் எடை தாங்காமல் பிதுங்கும், முழுக்கக் காய்ந்திருந்தால் ஒட்டு விட்டுப்போகும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்தோல் முந்திச் சுருங்கி வெடிக்கும். கண் திறப்பது கடைசியில். குதிரையைச் சுமந்து வரும் புரவி எடுப்புத் திருவிழா முடிந்து காட்டுக்குள் இறக்கிய பிறகு அந்தக் குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. மழையில் காது உதிரும், வயிற்றுக்குள் பல்லி குடியேறும், காலுக்கடியில் ஆதொண்டை ஏறும். அடுத்த எடுப்பில் புதுக்குதிரை பக்கத்தில் வந்து நிற்கும். ஊரிலிருந்து எடுத்த மண் ஊர் மண்ணிலேயே போய்ச் சேருகிறது. சிமெண்ட் குதிரை நிலைக்கும் என்கிறார்கள். நிலைப்பது இங்கே தேவையே இல்லை! சிமெண்டுக்குப் பிடிமண் எதற்கு, வேளார்தான் எதற்கு?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில காடுகளில் இன்னாருக்குத்தான் முதல் மரியாதை, இன்னார் எல்லைக்கு வெளியே என்ற வழக்கம் இருக்கிறது. மரத்தைக் காப்பாற்ற அதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

சீமைக்கருவேலத்தை மட்டும் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் தரையோடு வெட்டினால் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே ஓர் அடி தோண்டி எடுத்தால்தான் சாகும். குழி தோண்டும்போது பக்கத்து வீரையின் வேர் போகாமல் பார்க்க வேண்டும். நெற்று விழும் முன்பே செய்யுங்கள். நேர்ச்சை ஆடுகளைக் காட்டுக்குள் கட்டாதீர்கள். வெளியே நெற்றைத் தின்றுவிட்டு வரும் ஆடு புழுக்கையில் விதையைப் போட்டுவிடும். எடுத்த இடத்தில் நெட்டிலிங்கமோ புங்கமோ வாங்கி நடாமல், அதே காட்டில் விழுந்த பழத்தின் விதையைத் தூவிவிடுங்கள்.

சட்டத்திலும் வழி திறந்திருக்கிறது. 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் கோயில்காடுகளான ஓரண் காடுகளை அளந்து காடுகளாக அறிவிக்கச் சொன்னது. 2022இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காடு 4.97 ஹெக்டேர்தான், ஏறக்குறைய 12 ஏக்கர். சின்னக் காடு என்று ஒதுங்க வேண்டாம். "அரசு வந்தால் கும்பிட விடமாட்டார்கள்" என்ற பயமும் வேண்டாம். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி அறிவிக்கப்படும் இடத்தில், ஊர் தானாக முன்வந்து ஏற்காத எந்தத் தடையும் வழக்கமான வழிபாட்டின்மீது விதிக்கப்படக் கூடாது என்பதே அதற்கான வழிகாட்டுதல்.

முதலில் சர்வே எண்ணை எடுத்து வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நிலம் என்ன வகையில் இருக்கிறது என்று பாருங்கள். வெறும் "தரிசு" என்றோ "புறம்போக்கு" என்றோ மட்டும் இருந்தால் ஆபத்து, நாளைக்கு வேறு திட்டத்துக்குப் போகலாம். புல வரைபடத்தோடு நான்கு எல்லையையும் நடந்து சரிபாருங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாக மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் காட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் "கோயில் நிலம்" என்று மட்டும் எழுதாமல், சர்வே எண், பரப்பு, சாமி பெயர், மரங்களின் பெயர் எல்லாம் வரட்டும். அந்த மரப்பெயர்களைச் சொல்ல பூசாரியையும் ஆடு மேய்க்கும் பாட்டிகளையும் சபைக்கு அழைத்து வாருங்கள்.