தெர்மாகோலில் ஒரு பானை

போன நவம்பரில் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். தலைப்பு, நம் ஊர்க் கைவினை. அவள் ஏழாவது படிக்கிறாள், நாங்கள் இருப்பது புதுச்சேரி வில்லியனூரில். இரவு பத்து மணிக்கு மேல் தெர்மாகோலை வெட்டி, செங்காவி பெயின்ட் அடித்து, ஒரு பானை செய்து அனுப்பினேன். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. பானை வனைகிறவர் வீட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். அன்றைக்கு அது எனக்கே தோன்றவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் என் அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். அம்மா ஒரு சட்டியை எடுத்து விரலை மடக்கித் தட்டினார். "கணீர்னு கேட்டா நல்லா வெந்த சட்டி. சத்தம் மந்தமா இருந்தா எங்கியோ விரிசல் இருக்கு" என்று பேத்தியிடம் சொன்னார். புதுச் சட்டியை அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்துப் பழக்குவதையும் சொன்னார். வனைகிறவர் சிரித்துக்கொண்டே, மண் சரியாகக் காயாமல் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்று தன் பங்குக்குச் சேர்த்தார். நாற்பது வருடமாக அம்மாவோடு இருக்கிறேன், இதையெல்லாம் நான் கேட்டதே இல்லை. மகள் "ஆயா, ஆயா" என்று கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

பள்ளிகள் கலைஞர்களைக் கூப்பிடாமல் இல்லை. குழந்தைகள் தினத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு மணி நேரம் சக்கரம் சுற்றிக் காட்டவேண்டும், அப்புறம் சால்வை, போட்டோ, அவ்வளவுதான். நவம்பர் என்பது கார்த்திகை அகல் ஆர்டர் கழுத்தை நெரிக்கிற மாதம். அடைமழையில் எதுவும் காயாது. வெயில் தலைகாட்டும் ஒரு நாள் கிடைத்தால் அது அவர்களுக்குச் சூளை வைக்கிற நாள். அந்த நாளைச் சால்வைக்கு வாங்கிக்கொள்வது நியாயமே இல்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கையில் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு. ஆனால் 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளிகளிடம் போய்க் கற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அதே 2020இல்தான் நம் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமி அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தாளில் எல்லாம் இருக்கிறது, பிள்ளைகள் கையில்தான் மண் படவில்லை.

அந்தப் பத்து நாளை ஜூலையில் வையுங்கள், வெயில் இருக்கும். பிள்ளைகள் பானை வனைகிறவர் பட்டறைக்குப் போகட்டும். அவருக்கு நாள் கூலியல்ல, ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள். வீட்டிலிருந்து ஒரு பெரியவரும் கூட வரட்டும். இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் பாதிதான் நடக்கும். சட்டியைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வருகிற பெற்றோர் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். வில்லியனூர், சுற்றுப்பக்கப் பெற்றோர் யாராவது கூடக் கையெழுத்துப் போட முடியுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.